பத்தாண்டு அனுபவம் என்று நானே எழுதிக்கொண்டேன்

மொழிபெயர்ப்பாளனுக்குக் கடையும் கிடையாது, பெயர்ப்பலகையும் கிடையாது. இணையத்தில் கிடக்கும் புரொஃபைல்தான் எங்களுக்கு எல்லாம். வேலை குறைந்தால் அதைத்தான் தேய்த்துத் துடைப்போம். சொந்தத் தொழில் செய்கிற உங்களுக்கு இது தெரியாததல்ல. போன வருஷம், மலையாளம் பேசும் இந்த ஊரில், வலியசாலையில் என் வீட்டு மேஜையில் உட்கார்ந்து ஒரு வாரம் முழுக்க என் புரொஃபைலை மெருகேற்றினேன். அதன் பலனைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் சொல்கிறேன்.

தோள்மேல் ஒரு கை

கோட்டுப் போட்ட படம் இருந்தால் ஆட்கள் வருவார்கள் என்று எங்கோ படித்தேன். என்னிடம் இருந்த ஒரே கோட்டுப் படம் மச்சினன் கல்யாண ரிசப்ஷனில் எடுத்தது. பக்கத்தில் நின்ற மனைவியை வெட்டிவிட்டுப் போட்டேன்.

ஆரியசாலையில் மொத்த வியாபாரம் செய்யும் ஒருவர், வாடகைப் பத்திரம் ஒன்றைத் தமிழாக்க வேண்டுமென்று போன் செய்தார். எல்லாம் பேசி முடித்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "சாரே, படத்துல உங்க தோள்மேல ஒரு வளையல் கை மட்டும் இருக்கே, ஆளு எங்க?"

ஜெயஸ்ரீ தந்த சான்று

அடுத்தது பாராட்டுரை. முன்பு ஒரே அலுவலகத்தில் என்னோடு வேலை பார்த்த ஜெயஸ்ரீயைக் கேட்டேன். ஸ்ரீவராகத்துக்காரி, நேரமே இல்லை என்றாள். சரியென்று நானே என்னைப் புகழ்ந்து எழுதி அனுப்பினேன். 'நுட்பமானவர், பொறுப்பானவர், தவறே செய்யாதவர்' என்றெல்லாம் இருந்தது.

மூன்று நாள் கழித்துத்தான் பார்த்தேன். பாராட்டுக்கு மேலே, "ஜெயஸ்ரீ, நீயே எழுதின மாதிரி இதை அப்படியே போட்டுடு" என்ற என் வரியும் ஊரறிய நின்றது. பதறிப்போய் அவளை அழைத்தேன். "நீங்கதானே அப்படியே போடச் சொன்னேள்?" என்றாள்.

நீரு

இதுவரை சிரித்துவிடலாம். இனி சொல்லப்போவதை என்னால் இன்னும் சிரித்துச் சொல்ல முடியவில்லை.

'மருத்துவ மொழிபெயர்ப்பில் பத்தாண்டு அனுபவம்' என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். உண்மையில் நான் செய்தது இரண்டு டிஸ்சார்ஜ் தாள்கள். அந்த வரியைப் படித்துவிட்டு பெங்களூரிலிருந்து கண்ணன் என்பவர் அழைத்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அவருடைய அம்மா செல்லத்தாய் இங்கே ஒரு ஆஸ்பத்திரிக்கு வருகிறார், மலையாளம் தெரியாது, கூடவே இருந்து டாக்டர் சொல்வதைத் தமிழில் சொல்ல வேண்டும் என்றார். ஒப்புக்கொண்டேன்.

டாக்டர் அம்மாவின் கால்களை அழுத்திப் பார்த்தார். "நீருண்டு. நீரு குறைக்கணம்," என்று மாத்திரை எழுதினார். மலையாளத்தில் நீரு என்றால் வீக்கம். இந்த ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு அது தெரியாதா? ஆனால் வாய்க்கு வந்தது, "நீர் குறைக்கணுமாம்மா, அவ்வளவுதான்."

அந்த அம்மா லாட்ஜ் அறையில் இரண்டு நாள் தண்ணீர் குடிக்காமல் இருந்திருக்கிறார். நல்ல மேட மாத வெயில், நம்ம சித்திரை. மூன்றாம் நாள் காலையில் தலைசுற்றி விழுந்தவருக்கு அதே ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். ஓடிப்போய்க் கட்டிலருகே நின்றேன். அவர் கோபப்படவே இல்லை. "பத்து வருசம் பாக்குதவரு, சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன் தம்பி," என்றார்.

திருத்தம்

ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே நின்று கண்ணனை அழைத்தேன். தவறு என்னுடையது, பத்தாண்டு என்பதும் பொய் என்றேன். அவர் போனை வைத்துவிட்டார். அங்கேயே அந்த வரியை நீக்கினேன்.

மறுபடி உள்ளே போய், இரண்டு மொழியும் தெரிந்த நாகர்கோவில்காரி நர்ஸ் ஒருத்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எந்த மாத்திரை, எவ்வளவு தண்ணீர் என்று எல்லாவற்றையும் அம்மாவிடம் புதிதாகச் சொன்னேன். பத்தாண்டு என்றது பொய் என்பதையும் சொன்னேன். அடுத்த மாதச் செக்கப்புக்கு வேறு நல்ல ஆளாகப் பார்த்துத் தருகிறேன் என்றேன்.

"வேற ஆளு எதுக்கு? நீங்களே வாங்க. ஆனா நீங்க சொன்னத நான் திருப்பிச் சொல்லுவேன், நர்சம்மா சரின்னு சொன்ன பொறவுதான் எந்திரிப்பேன்."

இப்போது என் புரொஃபைலில் இருப்பதெல்லாம் உண்மை, அதனாலேயே படித்து முடிக்க யாருக்கும் அரை நிமிஷம்கூட ஆவதில்லை.