முதுகிலும் வெயில் வாங்கும் தகடு

என் மனுசன் வலன்ரைன் கடலில் செத்திருந்தால் பேசாலை ஒரு மாதத்தில் ஆறியிருக்கும். அது எங்களுக்குப் பழகிப்போன சாவு. நடு வெயிலில், கரையில், படங்குத் துணி போர்த்தி வைத்த சோலர் தகட்டால் ஒரு மனிதன் சாவான் என்று யார் கண்டது? ஆளாளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். நடந்தது எனக்குத்தான் தெரியும்.

அவர் படகு எஞ்சின் திருத்துகிறவர். கை சும்மா இராது, வாய் அதைவிடச் சும்மா இராது. இடம்பெயர்ந்து மடு முகாமில் கிடந்த காலத்தில் எங்கிருந்தோ ஒரு பழைய சோலர் தகட்டைத் தூக்கி வந்து கிண்டிக் கிளறி வேலை பழகினார். றேடியோ பற்றறிக்குச் சார்ஜ் ஏற்ற முகாமே எங்கள் கொட்டிலுக்கு முன்னால் நிற்கும். அன்றைக்குப் பிடித்த வழக்கம், வயரில் கை வைக்குமுன் படகு மூடும் படங்கை எடுத்துத் தகட்டின்மேல் போர்த்திவிடுவார். வெயில் படாவிட்டால் கறண்ட் இல்லை, அவ்வளவுதான் கணக்கு. இருபத்தைந்து வருசத்தில் ஒருநாளும் அவருக்கு அடித்ததில்லை. தலைக்கனமும் கொஞ்சம் ஏறித்தான் இருந்தது, நான் ஏன் பொய் சொல்ல வேண்டும்?

போன வருசம் மீனவர் சங்கத்தின் ஐஸ் அறைக்குப் புதுத் தகடுகள் வந்தன. ஆளுயரக் கம்பிச் சட்டத்தில் இரண்டு வரிசை, வரிசைக்குப் பத்து, முன்னும் பின்னும் கண்ணாடி. பொருத்தி முடித்ததும் இன்ஜினியர் கஜேந்திரன் ஒருநாள் வகுப்பு வைத்தார். தகடு கழுவ எடுத்த பெண்கள் நாங்கள் மூன்று பேர். மனுசனுக்கும் சொல்லியனுப்பினார்கள். பெண்டுகளோடு குந்தியிருந்து கண்ணாடி துடைக்கப் படிக்கவா என்று கேட்டுவிட்டு அவர் எஞ்சினைக் கழற்றப் போய்விட்டார்.

நான் போனேன். இந்தத் தகடு மேலே விழும் வெயிலோடு, நிலத்தில் பட்டுத் தெறிக்கிற வெளிச்சத்தையும் முதுகால் வாங்கிக் கறண்ட் ஆக்கும் என்றார் இன்ஜினியர். எங்கள் வெள்ளை மணலைப் பார்க்கப் பார்க்க அவருக்குச் சந்தோசம். இதற்கென்றே ஆண்டவர் விரித்துவிட்ட நிலம் என்றார். சோளகக் காற்று மண்ணை வாரி முன்பக்கத்தில் அப்பினாலும் பின்பக்கம் தன்பாட்டில் உழைக்குமாம். நிலத்தை வெள்ளையாக வைத்திருப்பதும் எங்கள் வேலை என்று சொல்லிவிட்டுப் போனார். நான் புல்லைப் பிடுங்கி, கரையிலிருந்து சிப்பி அள்ளி வந்து தகடுகளின் கீழே பரப்பினேன். அந்த மாதமே கறண்ட் கூடி மீற்றர் ஏறியது. சங்கத் தலைவர் டொமினிக் எல்லோருக்கும் முன்னால் என் பெயரைச் சொன்னார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இப்போது அந்தப் பக்கம் போனால் சிப்பியில் மிதிக்காமல் சுற்றிப் போகிறேன்.

வீட்டில் வந்து மனுசனிடம் முழுவதையும் சொன்னேன். விற்கிறவன் அப்படித்தான் சொல்லுவான் என்று சிரித்தார்.

கோயில் திருநாளுக்கு மூன்று நாள் இருக்க, ஒரு வரிசையின் வயர் மூட்டு உப்பில் அரித்துக் கருகிப்போனது. அறை நிறைய மீன். ஐஸ் இளகத் தொடங்கிவிட்டது. கை வைக்க வேண்டாம், இரண்டு நாளில் ஆள் வரும் என்று இன்ஜினியர் போனில் சொன்னார். இரண்டு நாளில் மீன் என்னத்துக்கு ஆகும்? டொமினிக் என் மனுசனைக் கூப்பிட்டார்.

உச்சி வெயில். சிப்பித் தரையைக் கண் கொண்டு பார்க்க முடியவில்லை. பத்துத் தகட்டுக்கும் படங்கு போர்த்தி மூலைக்கு மூலை கயிறு போட்டு இறுக்கினார். சுற்றிவரப் பன்னிரண்டு ஆண்கள் நின்றார்கள். கறண்ட் இருந்தால் எரியும் பச்சை விளக்கு, தகடுகளின் கீழே ஒரு சின்னப் பெட்டியில் இருந்தது. அது அணைந்து நூர்ந்துவிட்டதா பார் என்றார் என்னிடம்.

குனிந்து பார்த்தேன். எரிந்துகொண்டிருந்தது. படங்குக்குக் கீழே தகட்டின் முதுகு முழுவதும் வெளிச்சம்.

"இன்னும் எரியுது. கொஞ்சம் பொறுங்கோ."

"அது உள்ளுக்க மிச்சம் கிடக்கிற கறண்ட். தன்பாட்டில நூரும்."

எடித் அக்காவும் இன்ஜினியர் ஆகிவிட்டா என்று யாரோ சொல்ல, ஆண்கள் சிரித்தார்கள். மனுசனும் சிரித்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தார். முப்பது வருசக் குடித்தனம், அந்தப் பார்வை எனக்குத் தெரியாதா? நாலு பேருக்கு முன்னால் என்னைக் குறைக்காதே என்கிற பார்வை. பின்பக்கம் என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிவிட்டேன்.

அவர் இரண்டு கையாலும் மூட்டைப் பிடித்தார். சத்தமே இல்லை. பல் கிட்டி, உடம்பு விறைத்து அப்படியே நின்றார். டொமினிக் ஓடிப்போய் மெயின் சுவிச்சை நிறுத்தினார், மனுசனின் கை மூட்டை விடவில்லை. பகலில் அந்தத் தகட்டை நிறுத்த எங்கே சுவிச் இருக்கிறது? காய்ந்த மரக்கட்டையால் ஒருவர் அடித்த பிறகுதான் விழுந்தார். மன்னார் ஆஸ்பத்திரிக்குப் போகுமுன்னமே எல்லாம் முடிந்துவிட்டது.

மரண விசாரணையில், மூடியிருந்தாலும் பின்பக்கம் கறண்ட் தரும் என்பது இங்கே யாருக்காவது தெரியுமா என்று கேட்டார்கள். டொமினிக் இல்லை என்றார். வகுப்பில் என் பக்கத்தில் இருந்த பிறின்சி நிலத்தைப் பார்த்தாள். தெரியும் என்று சொன்னால் மனுசனைக் கொன்றவள் என்று ஊர் என்னைச் சொல்லும்.

"எங்களுக்கு ஒண்டும் தெரியாது ஐயா," என்றேன்.

படங்கில் ஏதோ கிழிசல் இருந்து அதனூடாக வெயில் பட்டதுதான் காரணம் என்று சங்கத்தில் முடிவாகிவிட்டது. தடித்த படங்காகப் புதிதாக வாங்கி வைத்திருக்கிறார்கள். திருத்த வேலையை இப்போது டொமினிக்கின் மருமகன் றோய் பார்க்கிறான், இரண்டு பிள்ளைகளின் தகப்பன். இன்று காலை அடுத்த வரிசையிலும் ஒரு மூட்டு கருகியிருக்கிறது என்று வந்து சொன்னான். மத்தியானம் புதுப் படங்கைப் போர்த்திவிட்டுக் கை வைக்கப் போகிறானாம். நான் தலையாட்டிவிட்டு, தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.