நாலு நாள் சம்பளம்

ரொட்டி வண்டி ஓட்டுகிற அவருக்கு பேக்கரியில் வைத்த பெயர் நிதானம். பத்தொன்பது வருடமாக விடிவதற்கு முன்பே வண்டியை எடுத்து, நாற்பத்தொரு கடைகளில் ரொட்டி இறக்கிவிட்டு, ஒரு தட்டுகூட நசுங்காமல் திரும்பி வருகிறவர். சைக்கிளில் போகிறவன்கூட மணியடித்து அவரை முந்திவிடுவான் என்று அடுப்படியில் கேலி செய்வார்கள். அப்பேர்ப்பட்ட மனிதருக்கு வேகமாகப் போனதற்காக அபராதச் சீட்டு வந்தது. அன்றைக்கு அடுப்பு மக்கர் செய்து, ரொட்டி வேக ஒரு மணி நேரம் தாமதமாகிவிட்டது. கடைக்காரர்கள் ஆள் மாற்றி ஆள் போன் போட்டுத் திட்டினார்கள். பள்ளிக்கூடத் தெருவில் கேமரா இருப்பது தெரிந்தும் ஆக்ஸிலரேட்டரை மிதித்துவிட்டார்.

சீட்டைப் பார்த்து அவர் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. அபராதத்தை அவரவர் வருமானத்துக்குத் தக்கபடி போடும் சட்டம் அந்த வருடம்தான் வந்திருந்தது. இவர் செய்த தப்புக்கு நாலு நாள் வருமானம். பழைய கணக்கென்றால் ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒரே தொகை, இவருக்கு அது எட்டு நாள் கூலி. புதுச் சட்டத்துக்காக பேக்கரியில் வரிந்துகட்டிக்கொண்டு பேசியவரே அவர்தான்.

"பெரிய கார்ல போறவனுக்கு பழைய அபராதமெல்லாம் டீக்காசு மாதிரி. நமக்கு அடுப்பு எரியாது. வலிச்சா எல்லாருக்கும் ஒரே அளவு வலிக்கட்டுமே" என்று சொன்னார். அவர் சொன்னதில் என்ன தப்பு? இன்றைக்கும் அது நியாயமான பேச்சுதான்.

கடைகளை முடித்துவிட்டு, சட்டையில் ஒட்டிய மாவைத் தட்டிக்கொண்டே அபராத அலுவலகத்துக்குப் போனார். முக்கால் மணி நேரம் டோக்கனோடு உட்கார்ந்திருந்தார். பணம் கட்டும் கூண்டுக்குள் இருந்த அம்மா கம்ப்யூட்டர் திரையை இவர் பக்கம் திருப்பினார்.

"உங்க மாச வருமானம் இதுதானே?"

திரையில் இருந்தது அவர் சம்பளத்தைப் போல மூன்று மடங்கு. ஒரு கணம் வேறு யாருடைய கணக்கோ என்றுதான் நினைத்தார். பிறகுதான் வீட்டுக்காகக் கொடுத்த சான்றிதழ் ஞாபகத்துக்கு வந்தது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவர்கள் நாலாவது மாடியில் குடியிருந்தார்கள். லிஃப்ட் கிடையாது. மனைவிக்கு மூட்டு தேய்ந்து போயிருந்தது. ஒருநாள் இரண்டாவது மாடிப் படியில் மேலேயும் போக முடியாமல் கீழேயும் இறங்க முடியாமல் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தவளை இவர்தான் தூக்கிப் போனார். அரசாங்கக் குடியிருப்பில் தரைத்தள வீடு ஒன்று காலியானது. வாடகை பாக்கி விழாமல் கட்ட இவ்வளவு வருமானம் இருந்தால்தான் தருவோம் என்றார்கள். முதலாளி நல்ல மனுஷன், சான்றிதழ் எழுத உட்கார்ந்தார். "ஒண்ணரை மடங்கு போட்டா போதும்யா" என்றார்.

"எழுதறதுதான் எழுதறீங்க, கொஞ்சம் தாராளமாவே எழுதுங்க முதலாளி. அவங்களுக்குச் சந்தேகமே வரக்கூடாது."

முதலாளி சிரித்துக்கொண்டே மூன்று மடங்காக எழுதிக் கொடுத்தார். அதை நகல் எடுத்து ஒரு வாரம் சட்டைப் பையில் வைத்து, சிக்னலில் நிற்கும்போதெல்லாம் எடுத்துப் பார்த்துக்கொண்டார் நிதானம். மனைவிக்கு இதெல்லாம் தெரியாது. தெரிந்தால் பொய் சொல்லி வாங்கிய வீடு வேண்டாமென்று அந்த நாலு மாடியையும் திரும்ப ஏறிவிடுவாள். அப்படிப்பட்டவள்.

"தப்பா இருந்தா திருத்தறதுக்குப் படிவம் இருக்கு. சம்பளச் சீட்டு வச்சுக் குடுத்தா அபராதம் குறையும்" என்றார் கூண்டுக்குள் இருந்த அம்மா.

"இங்க திருத்தினா வீட்டு ஆபீசுக்கும் தெரியுமா மேடம்?"

"எல்லாம் ஒரே பதிவுதான். அங்கயும் மாறிடும்."

அந்த அம்மா இவருடைய சட்டையையும் தேய்ந்த செருப்பையும் பார்த்தார். குரலைத் தணித்து, "அவசரமில்ல, யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். நிதானத்துக்கு யோசிக்க என்ன இருந்தது?

"சரியாத்தான் இருக்கு மேடம். அதுதான் என் சம்பளம்."

பன்னிரண்டு நாள் கூலி. பழைய சட்டமே இருந்திருந்தால் எட்டோடு போயிருக்கும். தவணையாகக் கட்டலாமா என்று கேட்டார்.

"தவணை குறைஞ்ச வருமானக்காரங்களுக்குத்தாங்க" என்று திரையைப் பார்த்தபடியே சொன்னார் அந்த அம்மா. கட்டுவதற்கு ஒரு மாதக் கெடு கொடுத்துச் சீட்டில் முத்திரை குத்தினார்.

யார் மேலாவது கோபப்படலாமென்றால் அதற்கும் ஆள் கிடைக்கவில்லை. சட்டம் நல்ல சட்டம், முதலாளி நல்லவர், கூண்டுக்குள் இருந்த அம்மாவும் நல்லவர். பேக்கரிக்குத் திரும்பினார். முதலாளியிடம் பன்னிரண்டு நாள் கூலியை முன்பணமாகக் கேட்டு, அதற்கு ஈடாக மூன்று மாதத்துக்கு ஞாயிற்றுக்கிழமை வண்டியையும் தானே எடுப்பதாக ஒத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். யார் உதவியும் இல்லாமல் தானே நடந்து வெளியே வந்திருந்தாள்.

"என்னங்க, எவ்வளவு ஆச்சு?"

நாலு நாள் சம்பளத்தைச் சொன்னார். அவள் பழைய தொகையை நினைத்துப் பார்த்து விரல் விட்டு எண்ணினாள். முகமெல்லாம் சிரிப்பாகிவிட்டது.

"பாதிக்குப் பாதி மிச்சம். பாத்தீங்களா, உங்க சம்பளம் கம்மியா இருந்ததும் நல்லதாப் போச்சு."

கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் அவருடைய சம்பளத்தை அவள் பாராட்டியது அதுதான் முதல் தடவை. அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். ஞாயிற்றுக்கிழமை விஷயத்தைச் சனிக்கிழமை ராத்திரி சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.