மூன்று கான் பெற்றோல்

ஸ்னோ தள்ளுவதற்காகப் பல்கனிக் கதவைத் திறந்தேன். பெற்றோல் மணம் மூக்கில் அடித்தது. 1991 மாசி மாதக் கடைசி. கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் பதினோராம் மாடி. எட்டிப் பார்த்தால், பக்கத்து வீட்டு அன்புராசா தன் பல்கனியில் மூன்று சிவப்புக் கான்களை வைத்துப் பழைய போர்வையால் மூடியிருக்கிறான். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

"தம்பி, உது என்ன? கட்டடத்தைக் கொளுத்தப் போறீரோ?"

"சண்டை நடக்குதெல்லே, அன்ரனெற் அக்கா. பெற்றோல் இல்லாமப் போயிடும்."

அன்புராசாவுக்கு மிசிசாகாவில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் வேலை. மனைவி தவமணிக்கு இப்போது நிறைமாதம். நல்ல உழைப்பாளி, ஆனால் பொல்லாத பயந்தாங்கொள்ளி. காரில் எண்ணெய் அளவு காட்டும் முள்ளைப் பாதிக்குக் கீழே இறங்க ஒருநாளும் விட்டதில்லை. ஈராக் குவைத்தைப் பிடித்த நாளிலிருந்து அவனுக்கு வானொலியே கதி. இரண்டு நாட்டு எண்ணெயும் நின்று விலை ஏறியபோது முதல் கானை வாங்கினான். சவூதியும் மற்ற வளைகுடா நாடுகளும் கூடுதலாக இறைத்து அந்தக் குறையை நிரப்பின. சவூதிக் கிணறுகளிலும் ஏவுகணை விழுந்தால் என்ன செய்வது என்று இரண்டாவது கான். தை மாதம் அமெரிக்கப் படை குண்டு போடத் தொடங்கியதும், எல்லோரும் பயந்ததற்கு மாறாக, விலை தலைகுப்புற விழுந்தது. மலிவாய்க் கிடைக்கிறதே என்று மூன்றாவது. ஏறினாலும் வாங்குவான், இறங்கினாலும் வாங்குவான். இவனை என்ன செய்வது?

"தவமணியின்ர பிள்ளைப்பேறு வருகுது அக்கா. ஆஸ்பத்திரிக்குப் போகவேணும்."

"அதுக்கு அம்புலன்ஸ் இருக்குத்தானே?"

"அம்புலன்சும் பெற்றோலிலதானே ஓடுது?"

சிரித்துவிட்டேன். அவன் சிரிக்காமல் ஊர்க்கதை ஒன்றைச் சொன்னான். எண்பத்தேழில், யாழ்ப்பாணத்துக்கு எண்ணெய் வராமல் அரசாங்கம் தடை போட்டிருந்த நேரம், தவமணிக்கு மாதம் நிறையும் முன்பே வலி வந்ததாம். ஒழுங்கை ஒழுங்கையாக ஓடியும் எண்ணெய் உள்ள ஒரு கார் அகப்படவில்லை. சைக்கிளில் ஏற்றி உழக்கிக்கொண்டு போனான். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பிள்ளை உயிரோடு இல்லை.

என் கோபம் போன இடம் தெரியவில்லை. ஆனாலும் அது பெற்றோல். எங்கள் மாடியில் எட்டுக் குடும்பம். மூன்று நாளில் எடுக்காவிட்டால் கட்டடப் பொறுப்பாளரிடம் சொல்வேன் என்றேன். 

மூன்றாம் நாள் சண்டை நின்றது. கானை எடுக்கச் சொல்ல நல்ல சாட்டுக் கிடைத்ததென்று அவன் வீட்டுக்குப் போனேன். ரீவிக்கு முன்னால் வாடிப்போய் இருந்தான்.

"பாருங்கோ அக்கா, குவைத்துக் கிணறெல்லாம் எரியுது. இனி எண்ணெய் எங்கால வரும்?"

"எரிஞ்சும் இஞ்சை பெற்றோல் அடிக்கிற ஒரு காஸ் ஸ்டேசனும் பூட்டேல்லைத்தானே? சவூதிக்காரன் நிப்பாட்டாம இறைக்கிறான். உமக்கு மட்டும் இல்லையெண்டு சொல்லப்போறானோ?"

 உள்ளே படுத்திருந்த தவமணி எழுந்து வந்தாள்.

"இஞ்சருங்கோ, உந்த மணத்தில எனக்குச் சோறு இறங்குதில்லை. நான் உங்களைத்தான் நம்பியிருக்கிறன், கானை இல்லை."

அன்று பின்னேரமே கான்களைக் கீழே இறக்கி, எங்கள் மாடிக்காரர் எல்லோருடைய கார்களிலும் ஊற்றினான். நாங்களும் கூச்சமில்லாமல் வரிசையில் நின்றோம். அந்தப் போரில் ரொறன்ரோவில் நான் கண்ட ஒரே எண்ணெய் வரிசை அதுதான்.

அதற்கு ஒன்பதாம் நாள் காலை தவமணிக்கு வலி வந்தது. அவர்களுடைய காரில் நானும் கூடப் போனேன். இருபது நிமிடத்தில் ஆஸ்பத்திரி. மத்தியானம் பெண்பிள்ளை பிறந்தது. பிள்ளை அழுத அழுகையில் அன்புராசாவும் சேர்ந்து அழுதான்.

பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிவந்த அன்று நான் பின்சீற்றில் இருந்தேன். இரண்டு நாளாக ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் ஓடிய ஓட்டத்தில் எண்ணெய் முள் கால்வாசிக்கும் கீழே இறங்கியிருந்தது. சந்தியில் காஸ் ஸ்டேசன் வந்தது. தவமணிதான் முதலில் கண்டாள்.

"இஞ்சருங்கோ, முள் கீழ நிக்குது. பெற்றோல் அடிக்கேல்லையே?"

அவன் காரை மெதுவாக்கினான். முள்ளைப் பார்த்தான். பிறகு கண்ணாடியில் பிள்ளையைப் பார்த்தான்.

"பிள்ளை நித்திரை. நாளைக்கு அடிப்பம்" என்று சொல்லி, நேரே வீட்டுக்கு விட்டான்.