பத்து மேதைகள் தேவை

அரசாங்க ஆணையைப் படித்துவிட்டு அழுகிற பெண்ணை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நகலெடுக்கும் கடைக்கு மேல்மாடியில், ஒரு காலுக்கு மட்டும் மடித்த அட்டையை முட்டுக்கொடுத்த மேசைக்குப் பின்னால் அவள் உட்கார்ந்திருப்பாள். வீடில்லாத பிள்ளைகளையும், வீடிருந்தும் அங்கே இருக்க முடியாமல் வெளியேறிய பிள்ளைகளையும் வைத்துப் பார்த்துக்கொள்கிற சின்னச் சின்ன இல்லங்களுக்கெல்லாம் ஒரு கூட்டமைப்பு உண்டு. அதன் வாராந்தரச் சுற்றறிக்கையை எழுதுவது அவள் வேலை. எந்த விதி மாறியது, எந்த நிதி வந்தது, எது நின்றது, எந்த இல்லத்துக்கு என்ன வேண்டும், யாரிடம் என்ன சும்மா கிடைக்கிறது, எல்லாம் அதில் வரும். எல்லோருக்கும் அவள் சுற்றறிக்கை அக்கா. கட்டிய கணவர்கூட கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவார்.

தட்டச்சு செய்யத்தான் அவளை முதலில் எடுத்தார்கள். பதினெட்டு வயது முடிந்த பிள்ளைகளை இல்லத்திலிருந்து விடுவிக்க வேண்டும் என்ற ஆணை ஒரு நாள் தட்டச்சுக்கு வந்தது. அடித்து முடித்தவள், கடைசியில் தன் சொந்த வரி ஒன்றைச் சேர்த்துவிட்டாள்: ‘விடுவிக்கப்பட்ட பிள்ளை அன்றிரவு எங்கே போய்ப் படுக்கும் என்று ஆணையில் எங்கேயும் இல்லை.’ இல்லங்களிலிருந்து வரிசையாகத் தொலைபேசி வந்தது. ஓர் ஆணை முதல்முறையாகப் புரிந்தது என்றார்கள். அன்றிலிருந்து அவள் அடிப்பவள் இல்லை, எழுதுபவள்.

‘இத்திட்டம் நடப்பாண்டுடன் முடிவுக்குக் கொண்டுவரப்படுகிறது’ என்று படித்தால் போதும், முந்தானையைத் தேடுவாள். “பாவங்க, பிறந்து மூணு வருஷம்கூட ஆகலை” என்பாள். கணவர் பேருந்து நடத்துநர். மாலையில் அவள் முகத்தைப் பார்த்ததும், “இன்னைக்கு எந்தத் திட்டம் செத்துது?” என்று கேட்டுவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவார்.

இப்படி அழுது அழுது எழுதிய கைக்குத்தான் அந்தச் சோதனை வந்தது.

புதிய ஆணை ஒன்று வெளியாகியிருந்தது. இனி எந்த இல்லத்திலும் பிள்ளைகள் தரையில் படுக்கக் கூடாது. ஆளுக்கொரு கட்டில், ஆளுக்கொரு மெத்தை. இல்லாவிட்டால், மெத்தை இல்லாத அத்தனை பேரையும் இடமிருக்கிற வேறு ஊர் இல்லங்களுக்குப் பிரித்து அனுப்பிவிடுவார்கள். நல்ல விதிதான், யார் இல்லையென்றது. ஆனால் மெத்தையை யார் கொடுப்பார்கள் என்று ஆணையில் எங்கேயும் இல்லை.

தையற்கடைத் தெரு முடிவில் இருந்த இல்லத்துக்கு அக்கா நேரில் போனாள். ஏதோ மருத்துவமனை கழித்துப்போட்ட இரும்புக் கட்டில்கள் பத்து அங்கே வரிசையாக நின்றன. மெத்தை இல்லாததால் கம்பி முதுகைக் கடிக்கிறது என்று பிள்ளைகள் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்தார்கள்.

“கட்டிலுக்கு அவங்கதான் காவல்,” என்றார் வார்டனம்மா.

பேச்சில் யாரையும் மடக்கிவிடுவதால் வக்கீல் என்று பெயர் வாங்கிய பெண் ஒருத்தி அங்கே இருந்தாள். பதினேழு வயது. அவளுக்கும் அவள் தம்பிக்கும் இருந்த ஒரே சொத்து, ஒரே இல்லத்தில் பக்கத்துப் பக்கத்துப் பாய்.

“பிரிச்சு அனுப்பினா நான் ஒரு பக்கம், இவன் ஒரு பக்கம்,” என்றாள் வக்கீல். “அக்கா, உங்களுக்குத்தான் அழ வைக்க வருமே. நல்லா அழுகிற மாதிரி எழுதிக் கேளுங்க.”

அந்த வார்த்தை அக்காவின் நெஞ்சில் ஈட்டியாகப் பாய்ந்தது. திரும்பும் பேருந்திலேயே, பேசினால் எழுதிக்கொள்ளும் கைபேசியை எடுத்தாள். முதலில் விதியைச் சொன்னாள். அடுத்து உதவி கேட்டுச் சொன்னாள். சொல்லச் சொல்ல வக்கீலும் அவள் தம்பியும் இரண்டு பேருந்துகளில் எதிரெதிர்த் திசையில் போவது கண்முன் தெரிந்தது. தேம்பல் வந்தது. அந்தத் தேம்பலில் ‘மெ’ நீண்டு ‘மே’ ஆயிற்று. ‘த்’ தொண்டைக்குள்ளேயே நின்றுபோயிற்று. கைபேசிக்குத் தேம்பல் தெரியுமா? கேட்டதை எழுதிக்கொண்டது. திருப்பிப் படிக்கலாம் என்றால் மூக்குக்கண்ணாடி முழுக்க ஈரம். அப்படியே இல்லங்களுக்கும் உதவுகிறவர்களுக்கும் அனுப்பிவிட்டாள்.

கட்டிலையும் மெத்தையையும் அதிகாரி பார்க்க வரும் ஆய்வு நாள் காலையில் வக்கீல் தொலைபேசியில் கூப்பிட்டாள். “அக்கா, நீங்க மெத்தை கேட்டீங்களா, மேதை கேட்டீங்களா?”

“இது என்ன கேள்வி. மெத்தைதான்.”

“இங்க மேதைங்க வந்திருக்காங்க. கையில பெட்டியோட.”

அக்கா சுற்றறிக்கையை எடுத்துப் படித்தாள்.

‘பத்து மேதைகள் தேவை. பழையதானாலும் பரவாயில்லை. நடுவில் பள்ளம் விழுந்திருந்தாலும் தட்டிச் சரிசெய்துகொள்வோம். மூட்டைப்பூச்சி மட்டும் இருக்கக் கூடாது. வெயிலில் இரண்டு நாள் காயப்போட்டு அனுப்பினால் நல்லது. மாடியில் இருந்தால் இறக்க ஆள் அனுப்புகிறோம். உங்கள் வீட்டு மூலையில் சும்மா கிடப்பது, இங்கே ஒரு பிள்ளையின் கண்ணீரைத் துடைக்கும்.’

இல்லத்துக்கு ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தாள். கூடம் நிறைய மேதைகள். வார்டனம்மா எல்லோருக்கும் தேநீர் கொடுத்துவிட்டு, என்ன சொல்வதென்று தெரியாமல் மறுபடியும் தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தார்.

“நான் மூணாவது மாடி,” என்று குறைப்பட்டார் தொளதொளச் சட்டை போட்ட கவிஞர். “இறக்க ஆள் வரும்னு போட்டிருந்தீங்க. வரலை. நானே இறங்கி வந்தேன்.”

மழை பெய்தால் தானாக மூடிக்கொள்ளும் குடையைக் கண்டுபிடித்தவர் ஒருவர் இருந்தார். இன்னும் சின்னத் திருத்தம் பாக்கி என்றார். எதையும் ஒருமுறை கேட்டால் மறக்காத நினைவாற்றல் அம்மையார் பத்தாவது ஆளாகக் கடைசியில் வந்தார். வழி மறந்துவிட்டதாம்.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் அக்கா வாயைத் திறந்தாள். அதற்குள் ஓய்வுபெற்ற கணக்குப் பேராசிரியர் எழுந்து அவள் முன்னால் வந்து நின்றார். கன்னமெல்லாம் வெயிலில் கறுத்திருந்தது.

“என் மனைவிதான் இதைப் படிச்சுக் காட்டினா. ‘பழையதானாலும் பரவாயில்லை, மூலையில சும்மா கிடப்பது, இது உங்களைத்தான்’னா. ரெண்டு நாள் மொட்டைமாடியில வெயில்ல உட்கார வச்சா,” என்றார். “ஓய்வு பெற்றதுக்கப்புறம் என்னை யாரும் தேவைன்னு கேட்டதில்லைம்மா.”

இதைக் கேட்டபிறகு சுற்றறிக்கை அக்கா உண்மையைச் சொல்வாளா? முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பேராசிரியரும் அழுதார். காரணம் தெரியாமலே கவிஞரும் சேர்ந்துகொண்டார்.

அப்போதுதான் ஆய்வாளர் வந்தார். கையில் படிவம், சட்டைப் பையில் அளவு நாடா.

“கட்டில் பத்து. சரி,” என்று குறித்துக்கொண்டார். “மேதை எங்கே?”

விஷயம் இதுதான். மூல ஆணை தலையணைக் கனம் இருந்தது. ஆய்வாளர் அலுவலகத்தில் அதை யாரும் பிரிக்கவில்லை. எப்போதும் போலச் சுற்றறிக்கையைப் பார்த்தே படிவம் தயாரித்துவிட்டார்கள். ‘ஒவ்வொரு பிள்ளைக்கும் கட்டிலுடன் தனி மேதை வழங்கப்பட வேண்டும்’ என்று அதில் அச்சாகியிருந்தது.

முதலில் சுதாரித்தது வக்கீல்தான். “இருக்காங்க சார். எல்லாரும் நல்ல நிலைமையில இருக்காங்க.”

“கட்டில் மேலே இருக்கணும்.”

மேதைகளைக் கைபிடித்துக் கூட்டிப்போய் ஆளுக்கொரு கட்டிலில் உட்கார வைத்தாள். கம்பி கடித்ததில் குடைக்காரர் மட்டும் முனகினார்.

“கனம் நாலு அங்குலத்துக்குக் குறையக் கூடாது,” என்ற ஆய்வாளர், நாடாவை விரித்துப் பேராசிரியரின் வயிற்றை அளந்தார். “ஒன்பது. தாராளம்.”

“என்னை அளக்க வேண்டாம்,” என்றார் நினைவாற்றல் அம்மையார். “பார்த்தாலே தெரியும்.”

“தெரியுதும்மா. உறை கழற்றித் துவைக்கக்கூடியதா?” கவிஞரின் சட்டை நுனியைத் தூக்கிப் பார்த்தார்.

“துவைக்கலாம்,” என்றார் கவிஞர் கண்ணியமாக. “இதுவரைக்கும் துவைச்சதில்லை.”

“எளிதில் தீப்பிடிக்குமா?”

“சிகரெட்டை விட்டுட்டேன்.”

“ஒரு மேதையை ரெண்டு பேர் பகிரக் கூடாது. தெரியும்ல?” என்று வார்டனம்மாவைப் பார்த்துச் சொல்லிவிட்டு ஒவ்வொரு கட்டத்திலும் சரி போட்டார். வக்கீல் தன் தம்பியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். பிழைத்துவிட்டார்கள். கதை இங்கேயே முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

ஆனால் போகிற போக்கில் ஆய்வாளர் ஒன்று சொன்னார். “உங்களை மாதிரி ஆணையை மதிக்கிறவங்க குறைவு. மத்தவங்கெல்லாம் ஒரே மெத்தனம். காலையில பாலத்துக்குப் பக்கத்து இல்லத்துல மேதை எங்கேன்னு கேட்டா, மெத்தையைக் காட்டுறாங்க. புத்தம்புது மெத்தை. தகுதி இல்லைன்னு எழுதிட்டேன். அந்தப் பிள்ளைங்களை நாளைக்கே பிரிச்சு அனுப்பணும்.”

அக்கா வக்கீலையும் தம்பியையும் பார்த்தாள். அங்கேயும் ஓர் அக்கா இருப்பாள். அங்கேயும் ஒரு தம்பி இருப்பான்.

“சொல்லாதீங்கக்கா,” என்று வக்கீல் மூச்சுக்காற்றில் சொன்னாள்.

“அவங்களும் உங்களை மாதிரிதாண்டி,” என்றாள் அக்கா. கண்ணாடியைக் கழற்றி, நன்றாகத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். “சார், அது மேதை இல்லை. மெத்தை. அழுதுகிட்டே சொன்னேன், தப்பாப் பதிவாயிடுச்சு. அவங்க தகுதியானவங்க. நாங்கதான் இல்லை.”

ஆய்வாளர் படிவத்தைப் பார்த்தார். கையிலிருந்த நாடாவைப் பார்த்தார். பேராசிரியரின் வயிற்றைப் பார்த்தார். மெதுவாக ஒரு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார், கம்பி கடித்ததும் எழுந்துகொண்டார்.

“நான் அளந்ததை வெளியில யாரும் சொல்ல வேண்டாம்,” என்றார். “அந்த இல்லத்துக்கு இப்பவே சரின்னு மாத்தி எழுதிடறேன். நீங்க திருத்தம் போடுங்க. நாளைக்குக் காலையில திரும்ப வருவேன். அப்ப மெத்தை இல்லைன்னா நான் ஒண்ணும் செய்ய முடியாது.”

அவர் போனதும் வக்கீல் குனிந்தாள். கட்டிலுக்குக் கீழே கிடந்த தங்கள் இரண்டு பாய்களையும் சுருட்டி ஒன்றாகக் கட்ட ஆரம்பித்தாள். பிறகு அவிழ்த்துத் தனித்தனியாகக் கட்டினாள். அதைப் பார்த்த வார்டனம்மா மறுபடியும் தேநீர் போட உள்ளே ஓடிவிட்டார்.

அக்கா மேதைகள் பக்கம் திரும்பினாள். முகத்தைப் பார்க்க முடியவில்லை. “மன்னிச்சுக்குங்க. உங்களை யாரும்...” என்று தொடங்கி முடிக்க முடியாமல் நின்றாள்.

“கேட்கலை,” என்று முடித்தார் பேராசிரியர். ஒரு வாழ்நாளின் அவமானம் அந்த முகத்தில் திரண்டு வந்து, என்ன நினைத்ததோ, சிரிப்பாக மாறியது. “மெத்தப் படிச்சவன்னு என்னைச் சொல்லுவாங்க. நீங்க கேட்டதுக்குப் பக்கத்துலதாம்மா வந்திருக்கேன். ஓர் ஐகாரம்தான் குறைச்சல். போன் கொடுங்க, அதைச் சரிபண்ணிடலாம்.”

மனைவியைக் கூப்பிட்டார். அந்தம்மா பேசியது கூடத்துக்கே கேட்டது. “மெத்தையா? தாராளமா அனுப்பறேன். மேதையை ஏற்கெனவே அனுப்பியாச்சு. ரெண்டையும் திருப்பி அனுப்பிடாதீங்க.”

ஒருவர் கொடுத்த பிறகு மற்ற மேதைகள் சும்மா இருப்பார்களா? அறிவில் தோற்றாலும் தோற்பார்கள், பெருமையில் தோற்க மாட்டார்கள். என் மெத்தை இன்னும் கனம் என்றார் குடைக்காரர். கவிஞரின் மெத்தையை மூன்றாவது மாடியிலிருந்து இறக்க, சொன்னபடி ஆள் அனுப்பினார்கள். அக்காவின் கணவர் தன் வீட்டு மெத்தையைத் தலையில் சுமந்து வந்து, “இந்த வாரம் திட்டம் எதுவும் சாகலை, நம்ம தூக்கம்தான் செத்தது,” என்று இறக்கினார். நினைவாற்றல் அம்மையாருடையதுதான் வரவில்லை. கேட்டால், எதைக் கொண்டுவரப் போனேன் என்றார். அந்த இடத்துக்குத்தான் கணவர் சுமந்தது பயன்பட்டது.

காலையில் ஆய்வாளர் வந்து, நாடாவை வெளியே எடுக்காமல், கையால் அமுக்கிப் பார்த்துச் சரி போட்டார். வக்கீல் தம்பியின் கட்டிலைத் தன் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள். அப்போதுதான் அக்காவிடம் வந்து, “இனிமே அழுதா கைபேசியைக் கீழே வச்சுட்டு அழுங்கக்கா,” என்று சொல்லி அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அக்கா கைபேசியைக் கீழே வைத்துவிட்டு அழுதாள்.

மெத்தை போன வீட்டில் மதியத் தூக்கத்துக்கு வழியில்லை என்று பேராசிரியர் அடுத்த நாள் இல்லத்துக்கே வந்துவிட்டார். வக்கீல் வாசலில் மறித்தாள்.

“சார், மதியத்துக்குன்னாலும் முடியாது. ஒரு மெத்தையை ரெண்டு பேர் பகிரக் கூடாதுன்னு விதி.”

“அதுல படுக்கிற பையன் பள்ளிக்கூடத்துல இருக்கும்போது பகிர்ந்ததா ஆகாதேம்மா.”

வக்கீல் யோசித்தாள். முதல்முறையாக வழக்கில் தோற்றாள். வழிவிட்டாள். நடுவில் தன் உடம்புக்கென்றே பள்ளம் விழுந்திருந்த மெத்தையில் பேராசிரியர் படுத்ததும் தூங்கிப்போனார்.