அக்காவின் கை நிறம்

அப்போது அருப்புக்கோட்டையில் கம்ப்யூட்டர் வைத்த ஸ்டுடியோக்கள் ஒன்றிரண்டுதான். அதில் ஒன்றில் அக்கா படம் திருத்தும் வேலை பார்த்தாள். நான் அங்கேயே பிரிண்டு வெட்டி உறையில் போடுவேன். பாலவனத்தத்திலிருந்து ஒரே பஸ்ஸில் போய் வருவோம்.

கம்ப்யூட்டர் திரையில் இருந்த கருவிப் பெட்டிகளையெல்லாம் அக்கா தன் கைக்குத் தோதாக நகர்த்தி வைத்திருந்தாள். நிறங்களுக்கும் ஒரு பெட்டி உண்டு. அதில் தோல் நிறம் என்று கம்பெனிக்காரன் வைத்திருந்தது எல்லாம் ரோஸ். எங்கள் பக்கத்து முகம் எதுவும் அதில் இல்லை. ஒருநாள் அக்கா ஸ்கேனர் கண்ணாடியில் தன் கையை வைத்து, மேலே துண்டைப் போட்டு மூடிப் படமெடுத்தாள். அதிலிருந்து ஒரு பொட்டு நிறத்தை எடுத்துப் பெட்டியில் சேர்த்துக்கொண்டாள். பிறகு கறை பிடித்த முகம் எது வந்தாலும் அந்த நிறத்தில்தான் தொடங்குவாள்.

பெண் பார்க்கக் கொடுக்கிற படமென்றால் மட்டும் முதலாளி அண்ணாச்சி பக்கத்தில் நின்று சிவப்பாக்கச் சொல்வார். செய்வாள். பெண் பார்க்க வந்தவர்கள் அவளைக் கறுப்பு என்று சொல்லிவிட்டுப் போன வாரத்திலும் செய்தாள்.

மஞ்சள் காமாலையில் அக்கா போய்விட்டாள். அவள் நாற்காலிக்கு நான் வந்தேன். கல்லறைத் திருநாளுக்கு அவள் படம் வேண்டுமென்றாள் அம்மா. இருந்தது ஒரே ஒரு படம், மாதா கோயிலில் எல்லோரோடும் நின்று எடுத்தது. மழைத் தண்ணீர் பட்டு அவள் கன்னம் பாதி அழிந்திருந்தது. அவள் நிறம்தான் இருக்கிறதே என்று தைரியமாக இருந்தேன்.

அந்த வாரம் பார்த்து, திரையில் நிறம் தடவும் பிரஷ் வேலை செய்யவில்லை. பெட்டிகள் தானாக மறைந்தன. கல்யாண ஆல்பம் பாக்கி கிடந்தது. அண்ணாச்சி மதுரையிலிருந்து மெக்கானிக்கை வரவழைத்தார். எல்லாவற்றையும் முதலில் இருந்தபடிக்கே ஆக்கிவிட்டால் சரியாகும் என்றான் அவன். பழைய செட்டிங்கை அழிக்கலாமா என்று திரை கேட்டது. அவன் அண்ணாச்சியைப் பார்த்தான்.

"அண்ணாச்சி, அக்கா கலரு அதுக்குள்ளதான் இருக்கு" என்றேன்.

"கலரு எங்கத்தா போகப்போகுது? இதுக்குள்ள லச்சம் கலரு கெடக்கு. நீ தட்டுப்பா."

தட்டினான். பெட்டிகள் புதுசு போல வரிசையாக வந்து நின்றன. பிரஷ் நன்றாக வேலை செய்தது. நிறப்பெட்டியில் ரோஸ் இருந்தது. அவள் கை இல்லை. ஸ்கேன் செய்த படத்தை அவள் சேமித்து வைக்கவும் இல்லை.

நான் கலந்து பார்த்தேன். ஒருமுறை செங்கல் போல வந்தது, ஒருமுறை சேறு போல. அழிந்தது போக மிச்சமிருந்த கன்னத்திலிருந்து எடுத்தால் வெளிறிய மஞ்சள். திருநாளுக்கு முந்தின நாள் அண்ணாச்சி என்னை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டு அவரே உட்கார்ந்தார். முகம் முழுக்க அந்த ரோஸைத் தடவி, பிரேமும் போட்டுக் கையில் கொடுத்தார்.

கல்லறை மேல் வைத்ததும் சொந்தக்காரர்கள் லட்சணமாக இருக்கிறாள் என்றார்கள். அம்மா முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள்.

"உசுரோட இருக்கையில இந்தக் கலரு இருந்திருந்தா, எம்புள்ளைய எவன் வேணாம்னுட்டுப் போயிருப்பான்?"

எல்லோரும் படத்தைப் பார்த்து ஜெபம் சொன்னார்கள். நான் மண்ணைப் பார்த்துச் சொன்னேன்.