மழைக்காலக் கெண்டையின் எடை

நான் திருடினேன். மீனின் வயிற்றிலிருந்து திருடினேன். அந்தத் திருட்டை மறைக்க ஒரு பெண்ணின் படிப்பைப் பலி கொடுத்தேன்.

சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்ற உறுதியோடுதான் உட்கார்ந்திருக்கிறேன். இதற்கு முன்னும் எழுதத் தொடங்கியதுண்டு. வறுமை, வயிற்றுப்பாடு, கெட்ட காலம் என்று முன்னுரை போட்டே தாள் தீர்ந்துவிடும். இம்முறை முன்னுரை கிடையாது. நீங்கள் என்னை ஏசுவதானால் ஏசிக்கொண்டே படியுங்கள். பாதியில் மட்டும் எழுந்து போய்விடாதீர்கள்.

அறுபதுகளின் பம்பாய். நான் தாராவியில் குடியிருந்தேன். மாதுங்காப் பக்கம் ஒரு கல்லூரியின் விலங்கியல் துறையில் தற்காலிகப் பியூன். தரை துடைப்பது, கண்ணாடிச் சாடி கழுவுவது, சாயா வாங்கி வருவது... இவற்றோடு வாரம் ஒருமுறை தாதரில் ரயிலேறிப் பத்லாப்பூர் போய், உல்லாஸ் ஆற்றில் பிடித்த மீனை வாங்கி வருவதும் என் வேலை. பியூனுக்கு இந்தத் தமிழ் எங்கிருந்து வந்தது என்று நினைப்பீர்கள். தாராவிப் படிப்பகம் தந்தது. மேடைப் பேச்சைக் கேட்டும் மாத இதழ்களைப் படித்தும் வந்தது. அதனால் என் நடை கொஞ்சம் மிடுக்காக இருக்கும். நான் செய்த காரியத்தில் மிடுக்கு ஒன்றும் இல்லை.

மீன் யாருக்கு? சாரதாவுக்கு!

சாரதா அந்தத் துறையின் ஆராய்ச்சி மாணவி. மாதுங்காவில் பாலக்காட்டுப் பிராமணக் குடும்பம். அப்பா ஃபோர்ட்டில் ஓர் ஆபீஸில் குமாஸ்தா. வெங்காயத்தைக்கூட நாள் பார்த்துச் சேர்க்கும் வீடு அது. அந்த வீட்டிலிருந்து ஒரு பெண் ஆற்றுமீனை அளக்கப் போகிறேன் என்று கிளம்பினால் சும்மா விடுவார்களா? பெரிய ரகளையே நடந்திருக்கிறது. கடைசியில் அப்பா ஒரு கெடு வைத்தார். அடுத்த ஆண்டு மழைக்காலம் முடிவதற்குள் ஆராய்ச்சியை முடித்துவிட்டால் அதே துறையில் வேலைக்குச் சேர்ந்துகொள்ளலாம். முடியாவிட்டால் ஊரில் பார்த்து வைத்திருக்கும் வரனுக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். அவள் கெடுவுக்கு ஒப்புக்கொண்டாள்.

முதல் நாள் கெண்டையைத் தொட்டதும் வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். அடுத்த சில வாரங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டே தொட்டாள். மழை தொடங்குவதற்குள் அவளுக்கு என்ன வந்ததோ! வெறுங்கையால் மீனை எடுத்து, வாலை நேராக்கி, அளவுப்பலகையில் கிடத்துவாள். தராசுத் தட்டில் அவளே வைப்பாள். முள் அசையாமல் நிற்கும்வரை குனிந்து பார்த்துக்கொண்டே இருப்பாள். அதற்கென்று ஒரு பழம்புடைவை ஆய்வகத்தில் இருந்தது. வீட்டில் குளித்த பிறகுதான் அடுக்களைப் பக்கம் விடுவார்களாம். சிரித்துக்கொண்டே சொல்வாள்.

அவள் என்ன ஆராய்ந்தாள் என்பதை எனக்கே விளக்கியிருக்கிறாள். ஒரு மீன் நீளத்தில் இரண்டு மடங்கானால் எடையும் இரண்டு மடங்கு ஆகாது. ஏறத்தாழ எட்டு மடங்காகும். மீன் நீளவாக்கில் மட்டுமா வளர்கிறது? அகலத்திலும் பருமனிலும் சேர்த்தல்லவா வளர்கிறது! ஒவ்வொரு மீனின் நீளத்துக்கும் எடைக்கும் ஒரு புள்ளி வைத்தால், புள்ளிகளின் நடுவே ஒரு கோடு போடலாம். கோட்டுக்கு மேலே இருப்பது கொழுத்த மீன். கீழே இருப்பது இளைத்த மீன். மழைக்காலத்தில் பெட்டைக் கெண்டை சினை பிடித்துக் கனக்கும். கோட்டுக்கு மேலே ஏற வேண்டும். எந்த மாதத்தில் எவ்வளவு ஏறுகிறது... அதுதான் அவளுடைய கேள்வி.

எனக்கு நன்றாகப் புரிந்தது. புரிந்த பிறகுதான் திருடினேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

என் மனைவி பேச்சியம்மாள் அப்போது முழுகாமல் இருந்தாள். ஆறாம் மாதம். சோற்றைக் கண்டாலே குமட்டும். ஒருநாள் சொன்னாள்:

"வாய்க்கு ஒண்ணும் எறங்க மாட்டேங்கு. மீன் சினை கெடச்சாக் கொஞ்சம் கொண்டாங்களேன்."

ஒரே ஒரு தடவைதான் கேட்டாள்.

மழை விழுந்து ஆறு கலங்கியதும் கெண்டைகள் சினை முற்றி வரும். கத்தியே வேண்டாம். வயிற்றைக் கட்டைவிரலால் மேலிருந்து கீழே வழித்தால் போதும், சினை தானாக வந்துவிடும். வெளியே ஒரு கீறலும் தெரியாது. பத்லாப்பூர் ஸ்டேஷன் சுவரோரம் குந்தியிருந்து, மீன்களை ஒவ்வொன்றாக என் தூக்குச்சட்டிக்குள் பிதுக்கினேன். மீனின் நீளத்தை யாராலும் திருட முடியாது... எடையைத் திருடலாம்!

எடை பார்த்த பிறகு எடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். எடை பார்த்த கையோடு மீன்களை மருந்துத் தண்ணீரில் போட்டுவிடுவோம். மறுவாரம் மாணவர்கள் அறுத்துப் படிப்பார்கள். மருந்து பட்டதை வாயில் வைக்க முடியாது. ஆகவே எடை பார்ப்பதற்கு முன்பே எடுத்தேன்.

வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டுப் பேச்சி வதக்கினாள். அன்றைக்கு அவள் வயிறாரச் சாப்பிட்டாள். அதோடு நிறுத்தியிருந்தால் இன்று இதை எழுத வேண்டியிருந்திராது. நிறுத்தினேனா? அடுத்த வாரமும் பிதுக்கினேன். அதற்கடுத்த வாரமும்... கர்ப்பிணிக்காகச் செய்தேன் என்று சொல்லி நான் தப்பிக்கப் போவதில்லை. பாதிக்கு மேல் தின்றது நான். பக்கத்து வீட்டுக்காரர்களுக்குக் கிண்ணத்தில் கொடுத்தனுப்பிப் பெருமை அடித்ததும் நான். இவ்வளவு சினை ஏது என்று பேச்சி கேட்டபோது, "காலேஜ்ல வேண்டாம்னு குடுத்துருதாவ" என்று கூசாமல் சொன்னேன்.

அந்த மழைக்காலம் முழுவதும் பெட்டைக் கெண்டைகள் கோட்டுக்குக் கீழேயே விழுந்தன.

சாரதா குழம்பிப் போனாள். நீளம் இருக்கிறது, எடை இல்லையே! உங்கள் ஊர் ஆற்றில் எப்படி என்று என்னிடமே கேட்டாள். வெள்ளத்தை எதிர்த்து நீந்தியதில் இளைத்திருக்கும் என்றேன். அவள் அதையும் ஒதுக்கவில்லை. யோசித்தாள், நூலகத்தில் போய்த் தேடினாள். கடைசியில், இந்த ஆற்றுக் கெண்டைகள் மழை பிடிப்பதற்கு முன்பே முட்டையிட்டு முடித்துவிடுகின்றன என்று ஒரு முடிவுக்கு வந்தாள். புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்துவிட்ட மகிழ்ச்சி அவள் முகத்தில் இருந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே நான் சாடி கழுவினேன்!

துறைத் தலைவர் நம்பவில்லை. அவர் கெட்டவர் அல்லர், கறாரான மனிதர். மற்ற ஆறுகளில் எல்லாம் சினை பிடித்துக் கனக்கும் மீன் இங்கே மட்டும் எப்படி இளைக்கும்? அடுத்த மழை தொடங்கியதும், புதிதாக மீன் வரவழைத்துத் தம் முன்னாலேயே எடை போட வேண்டும் என்றார்.

என்னைத்தான் அனுப்பினார்கள்.

பத்லாப்பூர்ச் சுவரோரம் அன்றும் குந்தினேன். மீன்கள் சினையோடு உப்பிக் கிடந்தன. இன்றும் பிதுக்கினால் சாரதாவின் கணக்கு நிற்கும், பொய்யாகவே நிற்கும். பிதுக்காவிட்டால் அவள் கணக்கு சரியும். ஆனால் தலைவர் தம் கையால் மீனைத் தொடுவார். தளர்ந்த வயிற்றைக் கண்டுபிடித்துவிட்டால் என் கதி? எனக்காகத்தான் பயந்தேன். ஒரு மீனையும் தொடாமல் அப்படியே கொண்டுபோனேன். வேறெந்த நாளும் யோக்கியனாக இல்லாதவன் அன்று பார்த்து யோக்கியன் ஆனேன்! அதனால் அவளுக்கு என்ன நேரும் என்று தெரியாது என்று எழுதத்தான் வந்தேன். முடியவில்லை... தெரியும்.

பெட்டைகள் எல்லாம் கனத்தன. ஒன்றுகூடக் கோட்டுக்குக் கீழே இல்லை.

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். ஆசாரமான வீட்டுப் பெண்ணுக்கு மீனைத் தொட மனம் வந்திராது, எடையே போடாமல் வீட்டில் உட்கார்ந்து எழுதியிருக்கிறாய் என்று இங்கிலீஷில் சொன்னார். சாரதா அழவில்லை. நேராக என் பக்கம் கையை நீட்டி, ஒவ்வொரு மீனும் இவர் எதிரில்தான் எடை போடப்பட்டது, இவரையே கேளுங்கள் என்றாள்.

கேட்டார். இந்தியில் கேட்டார்.

என்னால் என்னவெல்லாம் சொல்லியிருக்க முடியும்! சினையை நான் எடுத்தேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் வேலை போகும். அந்த நாளில் பம்பாயில் ஒரு மதராசிக்கு வேலை போனால் இன்னொன்று லேசில் கிடைக்காது. வீட்டில் கைக்குழந்தை. என்னை நிரந்தரமாக்கும் பேச்சும் அப்போது நடந்துகொண்டிருந்தது. அவளையும் ஏமாற்றுக்காரி ஆக்கக் கூடாது, நானும் மாட்டக் கூடாது... நொடிக்குள் மனம் ஒரு சந்து கண்டுபிடித்தது. எவ்வளவு கெட்டிக்கார மனம் பாருங்கள்!

"தோல்தீ தீ, சாப். மகர் மூ ஃபிராகே தோல்தீ தீ."

எடை போட்டாள் ஐயா, ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போட்டாள் என்றேன்.

தாய்மொழியில் சொல்லாததால் பொய்யின் கனம் குறையும் என்று அப்போது நினைத்தேனோ என்னவோ. குறையவில்லை.

தலைவர் பெருமூச்சு விட்டார். ஏமாற்று இல்லை, கவனக்குறைவுதான் என்று முடிவு செய்தார். என் சாட்சியால் அவள் மானம் பிழைத்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் ஓராண்டு உழைப்பு செல்லாது. மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்றார். மறுபடி தொடங்க அவளுக்கு ஏது காலம்? அப்பா வைத்த கெடு நெருங்கிவிட்டது. தை மாதம் ஊரில் அவள் கல்யாணம் நடந்தது. துறையில் அவளுக்கென்றிருந்த வேலை வேறொருவருக்குப் போனது. அதே ஆண்டு என்னை நிரந்தரம் ஆக்கினார்கள். தாராவியை விட்டுச் செம்பூருக்குக் குடிபோனேன். பிள்ளையைப் படிக்க வைத்தேன். ஓய்வு பெற்ற நாளன்று மாலையும் போட்டார்கள்.

இத்தோடு முடித்துவிடலாம் போலத் தோன்றுகிறது. கூடாது. சொல்ல வேண்டியதில் இன்னொன்று பாக்கி இருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்த இடத்தை விட்டு நான் எழுந்திருக்க மாட்டேன்.

நான் சாட்சி சொன்ன அன்று, எல்லோரும் போன பிறகு சாரதா ஆய்வகத்திலேயே நின்றாள். நான் துடைப்பத்தோடு ஒதுங்கி நின்றேன். திட்டப் போகிறாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் ஒருவேளை உண்மையைச் சொல்லியிருப்பேன்... அவளோ எனக்கு நன்றி சொன்னாள்!

"இட்டுக்கட்டி எழுதினேன்னு பேர் வராம காப்பாத்தினேள், இசக்கிமுத்து. ஆரம்பத்தில நான் முகத்தைத் திருப்பிண்டது வாஸ்தவம்தான். அப்புறமும் திருப்பிண்டேனா? நேக்கு ஞாபகமே இல்லையே."



அவள் ஒரு கெண்டையை எடுத்துத் தட்டில் வைத்தாள். படிக்கற்களை வைத்தாள், எடுத்தாள், மாற்றி வைத்தாள். குனிந்து முள்ளைப் பார்த்தாள். நிமிர்ந்தாள். மறுபடி குனிந்தாள். ஆண்டு முழுக்க அந்தத் தராசின் முன் நின்ற பெண், கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள்.

"முள் எங்க நிக்கறது? நீங்க பாத்துச் சொல்லுங்கோ."

நான் குனிந்தேன். முள் நடுவில் நின்றது.

"நடுவுலதாம்மா நிக்கு."

"நேக்கும் அப்படித்தான் தெரியறது. ஆனா போன வருஷமும் இப்படித்தானே தெரிஞ்சுது... என் கண்ணை இனிமே எப்படி நம்பறது? நீங்க சொன்னா சரியா இருக்கும்."

அதன்பின் கையைக் கழுவிக்கொண்டு, அந்தப் பழம்புடைவையையும் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

படிப்பு போனது, வேலை போனது என்று நான் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கண்மேல் அவளுக்கிருந்த நம்பிக்கையையும் எடுத்துவிட்டேன் என்பது அந்த நிமிஷம்தான் தெரிந்தது. தெரிந்தும் பேசாமல் தரையைக் கூட்டினேன்.

இப்போது அவர் எங்கே இருக்கிறாரோ, இருக்கிறாரோ இல்லையோ. எனக்குத் தெரியாது. மன்னிப்பு கேட்பதற்காக இதை எழுதவில்லை. அதைத் தரும் உரிமை உங்களுக்கு இல்லை, பெறும் யோக்கியதை எனக்கும் இல்லை. எழுதியதால் நெஞ்சுப் பாரம் ஒன்றும் இறங்கவில்லை. ஆனாலும் அன்று அவர் என்னிடம் கேட்ட கேள்விக்கு உரிய பதிலைச் சொல்லியே தீருவேன். உங்களில் யாருக்காவது அவரைத் தெரிந்தால் வாசித்துக் காட்டுங்கள்.

சாரதாம்மா, நீங்கள் முகத்தைத் திருப்பவில்லை. அந்த மழைக்காலம் முழுவதும், ஒவ்வொரு மீனுக்கும், முள்ளை நேராகத்தான் பார்த்தீர்கள். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.