துருவுக்குப் பூசிய எண்ணெய்

மீன் எண்ணெய் வாடை வந்தால் எனக்கு இன்றைக்கும் வாய் கசக்கும். வள்ளத்துக்காரன் மகனுக்கு அது வீட்டு வாசனையாக இருந்திருக்க வேண்டும். அப்படி இல்லாமல் போனதற்கு ஒரு பழைய ஜீப்தான் காரணம்.

தூத்துக்குடியில் புதுத் துறைமுக வேலை நடந்துகொண்டிருந்த எழுபதுகளில், அந்த வேலைக்கு ஓடி ஓய்ந்த ஒரு ஜீப்பை நானும் என் அக்காள் புருஷனும் சேர்ந்து வாங்கினோம். அதற்கும் முன்னால் பட்டாளத்தில் ஓடிய வண்டியாம். நாலு சக்கரமும் இழுக்கும். எங்கள் ஊர் மணப்பாட்டுக்கு வடக்கே. தார் ரோடு முடிகிற இடத்திலிருந்து கரை வரைக்கும் வெறும் மணல். மீன் வாங்கும் அண்ணாச்சியின் ஐஸ் லாரி தார் ரோட்டோடு நின்றுவிடும். கரையில் இறங்கும் மீனை மணல் தாண்டி லாரியில் சேர்ப்பது ஜீப்பின் வேலை. அதை ஓட்டுவது என் வேலை.

அந்த வேலை எனக்கு எதற்கு வேண்டியிருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கடல் பயம். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு வள்ளத்தில் ஏறினேன். பழகினால் போய்விடும் என்றார்கள். எத்தனையோ வருஷம் பழகினேன், போகவில்லை. கரை கண்ணுக்கு மறைந்ததும் வாந்தி எடுப்பேன். "ஏலே, நாம மீனைப் புடிக்கோம், இவன் மீனுக்குச் சோறு போடுதான்" என்று வள்ளத்தில் சிரிப்பார்கள். நானும் வாயைத் துடைத்துக்கொண்டு சிரிப்பேன். ஜீப் வந்த பிறகுதான் மணலில் நின்று கடலைப் பார்க்கிற பாக்கியம் எனக்குக் கிடைத்தது. ஜீப் ஓடுகிறவரைக்கும் நான் கடலுக்குப் போக வேண்டாம். நின்றால் மறுபடி வள்ளம்தான்.

அதனால் பயம் என்னைவிட்டுப் போகவில்லை, கடலிலிருந்து ஜீப்புக்கு இடம் மாறிக்கொண்டது. ரேடியேட்டரைத் திறந்து பார்ப்பேன், மூடுவேன், மூடியது சரியா என்று மறுபடி திறப்பேன். ஆயில் குச்சியை உருவிப் பார்த்துவிட்டுச் சாப்பிடப் போனால் பாதிச் சோற்றில் சந்தேகம் வரும். "நீ பாத்துப் பாத்தே அதுக்குச் சீக்கு வரப் போவுது" என்பாள் அக்காள்.

மழைக்காலத்துக்கு முன்னால் அத்தான் வள்ளத்தைக் கரையேற்றி எண்ணெய் பூசினார். மீன் எண்ணெயில் குங்கிலியத்தைப் போட்டுக் காய்ச்சிச் சூட்டோடு பூசுவார்கள். காய்ந்தால் கறுப்பாக, தோல் மாதிரி பிடித்துக்கொள்ளும். வெளியில் மட்டும் பூசுகிறவனை எங்கள் ஊரில் மதிக்கமாட்டார்கள். ஒன்றோடொன்று சேர்கிற இடத்தில் உள்பக்கமும் பூசி, அதன் பிறகே சேர்த்து இறுக்க வேண்டும். உப்பு இடுக்கு பார்த்துத்தான் நுழையும். மிஞ்சிய எண்ணெயை அத்தான் ஜீப்புக்கும் பூசினார். நான் கடைக்குப் போய்விட்டு வந்து பார்க்கிறேன், அடிச்சட்டமெல்லாம் கறுப்பாக மின்னுகிறது.

"கழத்த முடிஞ்சதையெல்லாம் கழத்தி, உள்ளயும் பூசித்தான் முடுக்கியிருக்கேன். இனி உப்புக் காத்து கிட்ட வராது மாப்ள" என்றார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எனக்கு வந்திருக்க வேண்டிய ஒரே ஒரு கவலை அன்றைக்கு வரவில்லை.

மழை விட்ட பிறகு சனியன் பிடித்தது. காலையில் செல்ஃபை அமுக்கினால் என்ஜின் அரைச் சுற்றுச் சுற்றிவிட்டு முனகும். பேட்டரி என்று நினைத்துத் தூத்துக்குடிக்குக் கொண்டுபோய் சார்ஜ் ஏற்றி வந்தேன். இரண்டு நாள் நன்றாக இருந்தது. அப்புறம் மணலில் குலுங்கும்போது என்ஜின் விக்கத் தொடங்கியது. பிளக்கைக் கழற்றித் தேய்த்தேன். பாயிண்டைத் தேய்த்தேன். கண்டென்சரை மாற்றினேன். பெட்ரோலில் தண்ணீர் என்று ஒருவர் சொல்ல, டாங்கியை இறக்கிக் கழுவினேன். டைனமோவுக்குப் புதுக் கார்பன் போட்டேன். விளக்கு மட்டும் சொல்லிவைத்தாற்போல் பளிச்சென்று எரியும். பேட்டரி வேலை செய்கிறது, என்ஜினுக்கு மட்டும் உயிரில்லை. இது என்ன கொடுமை என்று பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பேன்.

ஒன்று மட்டும் எனக்குப் பட்டது. செல்ஃபை அமுக்கும்போது சோக்கை இழுத்துப் பிடித்திருந்தால், அந்தக் கம்பி கையைச் சுட்டது. சும்மா இழுக்கிற கம்பி அது, அதில் கரண்டுக்கு வேலையே இல்லை. தூத்துக்குடி மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டுபோனபோது சொன்னேன். அவர் செல்ஃப் மோட்டாரைத் தனியாகக் கழற்றி, மேசையில் வைத்து ஓட்டிக் காட்டினார். குதிரை மாதிரி ஓடியது.

"மோட்டார்ல ஒண்ணும் இல்ல" என்றார்.

"சோக் கம்பி சுடுது அண்ணாச்சி."

"எது, சோக்கா? காலங்காத்தால அதையே புடிச்சுத் தொங்குனா சுடத்தான் செய்யும். உமக்குக் கையில இல்ல, மனசுல சூடு. போயி மோர் குடியும்."

பட்டறையில் எல்லோரும் சிரித்தார்கள். எதற்கெடுத்தாலும் கவலைப்படுகிறவன் சொல்வதில் எது நிஜம் என்று பிறருக்கு எப்படித் தெரியும்? அதையாவது மன்னித்துவிடலாம். அன்றிலிருந்து என் கையை நானே நம்பவில்லை. கம்பி சுட்டால், பிரமை என்று விட்டுவிடுவேன்.

ஒருநாள் கரையிலேயே வண்டி கிளம்பாமல் லாரி போய்விட்டது. மீன் வாங்கும் அண்ணாச்சி மறுநாள் அமைதியாகத்தான் பேசினார். "தம்பி, ஒம்ம ஜீப் வரட்டும்னு மீனு உயிரோட காத்துக் கெடக்குமா? இன்னொரு தடவை இப்படின்னா நான் வேற ஆளைப் பாத்துக்கிடுவேன்."

இன்னொரு தடவை சீக்கிரமே வந்தது. கரைக்கும் ரோட்டுக்கும் நட்டநடுவில், கூடை கூடையாகச் சாளை மீனை ஏற்றிக்கொண்டு போகும்போது என்ஜின் நின்றது. ஹேண்டில் போட்டுச் சுற்றினேன். உள்ளங்கை தோல் உரிந்ததுதான் மிச்சம். பின்னால் வந்த பெண்கள் கூடைகளை இறக்கித் தலையில் வைத்துக்கொண்டார்கள்.

"ஏளா, இந்த ஜீப்புக்கும் இவனை மாதிரியே கடல் பயம் போல. கைகால் வெலவெலத்து நின்னுட்டு பாரு!" என்றாள் ஒருத்தி.

அவர்கள் மணலைக் கடந்து போய்ச் சேருமுன் லாரி போய்விட்டது. அடுத்த வாரம் உடன்குடிப் பக்கத்து டிராக்டர் ஒன்று எங்கள் கரைக்கு வந்து மீன் ஏற்றியது.

"வித்துருவோம் மாப்ள. வள்ளத்துலயும் ஒரு ஆள் கொறையுது" என்றார் அத்தான். நான் அக்காளைப் பார்த்தேன். அவள் அடுப்பைப் பார்த்தாள்.

கருப்பட்டி வியாபாரி ஒருவர் பேசி முடித்து, பணத்தைக் கொடுத்துவிட்டு, கட்டி இழுத்துப் போக மாட்டு வண்டியோடு வந்தார். கயிறு கட்ட நான்தான் ஜீப்புக்கு அடியில் போனேன். என்ஜினையும் அடிச்சட்டத்தையும் சேர்க்கிற ஒரு செம்புப் பட்டை கயிற்றுக்கு இடைஞ்சலாக இருந்தது. கழற்றினேன். பட்டைக்கு அடியில் இரும்பு இல்லை. கறுப்பாக, வழுவழுவென்று, வள்ளத்துப் பலகை மாதிரி இருந்தது. முகர்ந்து பார்த்தேன்.

என்ஜின் ரப்பர் மேல் உட்கார்ந்திருப்பதால், பேட்டரியிலிருந்து என்ஜினுக்குப் போகிற கரண்டு திரும்பி வர வேண்டிய பாதை அந்தப் பட்டைதான். அது பூச்சில்லாத வெறும் இரும்பைத் தொட்டால்தான் வேலை. விளக்குக்கு அந்தப் பட்டை தேவையில்லை, அதனால்தான் அது பளிச்சென்று எரிந்திருக்கிறது. முதலில் போல்ட்டின் மரை வழியாக எப்படியோ ஒட்டிக்கொண்டு திரும்பியிருக்கிறது. மழையில் மரையும் துருப்பிடித்ததும், வழியில்லாமல் மெல்லிய சோக் கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பியிருக்கிறது. அதுதான் சுட்டது. என் கை சொன்னது சரி.

மீன் கத்தியால் இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை சுரண்டினேன். பட்டையை இறுக்கிவிட்டு ஏறி உட்கார்ந்து செல்ஃபை அமுக்கினேன். விரலை எடுப்பதற்குள் என்ஜின் பிடித்துக்கொண்டது.

"பழுதுன்னீரு? நல்லாத்தான இருக்கு!" என்று வியாபாரிக்கு முகமெல்லாம் பல்.

நான் அத்தானிடம் ஓடினேன். "வண்டி சரியாயிட்டு அத்தான். நீங்க உள்ள பூசுன எண்ணெய்தான் கரண்டைத் தடுத்திருக்கு. வியாபாரிகிட்ட வேண்டாம்னு சொல்லிருங்க, லாரி அண்ணாச்சிகிட்ட நான் போய்ப் பேசுதேன்."

அவர் முகம் சிறுத்தது. "நான் பூசாட்டா அது எப்பவோ உப்புல உளுத்துப் போயிருக்கும். ஒனக்கு ஓட்டத் தெரியல, பழியை எண்ணெய் மேல போடுத. கைநீட்டி வாங்கியாச்சுலே, பேசாம இரு."

வியாபாரி மாட்டு வண்டியைப் பின்னால் வரச் சொல்லிவிட்டு, ஜீப்பை அவரே ஓட்டிக்கொண்டு போனார். மணலில் ஒரு இடத்திலும் விக்கவில்லை. அத்தான் சாகும்வரை அந்த எண்ணெயை ஒத்துக்கொள்ளவில்லை. உப்பைப் பற்றி அவர் சொன்னதும் பொய்யில்லை.

மறுநாள் விடியலில் வள்ளம் ஏறினேன். கரை மறைந்தது. அத்தான் சுக்கானைப் பிடித்தபடி, "பாத்தியா மாப்ள, இதுக்கு செல்ஃபும் வேண்டாம், சோக்கும் வேண்டாம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தலையை வெளியே நீட்டினேன். பிடித்த இடமெல்லாம், மழைக்குப் பிறகு அத்தான் மறுபடி பூசியிருந்த, இன்னும் காயாத எண்ணெய் கையோடு ஒட்டிக்கொண்டு வந்தது.